சிங்கங்களுக்கு ஒரு சின்ன ஊசி

எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் காலை ஆறரை மணிக்கு உட்கார்ந்தால், உலகத்தில் தீராத பிரச்சினை என்று ஒன்றுமே கிடையாது. காவிரியில் தண்ணீரை எப்படி வரவழைப்பது, அமெரிக்காக்காரனை எங்கே அடித்தால் வலிக்கும், அடுத்த தேர்தலில் யார் யாரோடு சேர்ந்தால் யார் குட்டிச்சுவராவார் என்பதெல்லாம் இரண்டாவது டீக்குள் முடிந்துவிடும். கூடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஆண்கள். எல்லோருக்கும் மீசை உண்டு, என்னையும் சேர்த்து. அதில் ஒருவருடைய மீசை தனிச் சொத்து. முறுக்கிவிட்டால் இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழம் நிற்கும் என்று அவரே சொல்வார். இதுவரை நிறுத்திக் காட்டியதில்லை. காட்டச் சொல்லிக் கேட்கும் துணிச்சல் எங்களுக்கும் இல்லை.

போன நவம்பரில் ஒருநாள், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பெஞ்சுக்கு வந்தார். கையில் ஒரு கத்தை துண்டறிக்கை.

“அண்ணே, வியாழக்கிழமை ஜி.எச்.ல கேம்ப் இருக்கு. ஆம்பளைங்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு. கத்தி இல்ல, தையல் இல்ல, ஒரு சின்ன ஊசிதான். பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். புள்ளைங்க போதும்னு நினைக்கிறவங்க யாராச்சும்...”

அவர் முடிப்பதற்குள் பெஞ்சு காலியாக ஆரம்பித்தது. ஒருவருக்கு போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது. ஒருவர் எட்டு மணிக்கு வரவேண்டிய பஸ்ஸை ஏழு மணிக்கே பிடிக்க ஓடினார். காவிரியைத் திறந்துவிட இருந்தவர் செருப்பைத் தேடிக் குனிந்தார், நிமிரவே இல்லை. மீசைக்காரர் மட்டும் அசையவில்லை. கை நீட்டித் துண்டறிக்கையை வாங்கினார். ஆம்பளைன்னா இவர்தான் என்று நான் நினைத்தேன். அவர் அதில் மெதுவடையை வைத்து அமுக்கி எண்ணெயைப் பிழிந்துவிட்டு, “எம்மா, இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். வீட்டுல போய்ப் பேசு” என்றார்.

நர்சம்மாவுக்கு இது புதிதில்லை. இன்னொரு துண்டறிக்கையை பெஞ்சின் மேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு காலி கிளாஸையும் வைத்துவிட்டுப் போனார்.

மீசைக்காரர் தனியாள் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பின்னால் ஒரு தேசமே நிற்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், கருத்தடை என்பது பெண்கள் சமாச்சாரம், அதில் ஆண் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சொன்ன ஆண்கள் 35 விழுக்காடு. மூன்று பேருக்கு ஒருவர். மற்ற இருவர் என்ன செய்தார்கள் என்றால், அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏனென்றால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. திருமணமாகி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்டான் என்பது 0.3. வகுத்துப் பார்த்தேன். 126 பெண்கள் மேஜையில் ஏறிப் படுத்தால் ஓர் ஆண் படுக்கிறான். அந்த ஓர் ஆணும் ஊருக்குத் தெரியாமல்தான் போய்ப் படுக்கிறான்.

இரண்டு ஆபரேஷனும் ஒன்றா என்றால், இல்லை. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து உள்ளே போய்க் கருக்குழாயைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். ஆணுக்கு எல்லாம் வெளியிலேயே இருக்கிறது. விரைப்பைத் தோலுக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்படும் இரண்டு நாளங்கள். மரத்துப்போக ஓர் ஊசி, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை, இரண்டு பக்கமும் ஒரு முடிச்சு. தையல் இல்லை. அன்றைக்கே எழுந்து நடந்து வீட்டுக்கு வரலாம். கத்தியில்லாத இந்த முறையை 1974இலேயே சீனாவில் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் கண்டுபிடித்துவிட்டார். ஆண்மைச் சுரப்பு வழக்கம்போலச் சுரக்கும். ஆசையும் குறையாது, மீசையும் உதிராது. இவ்வளவு சுலபமாக முடிச்சுப் போட ஆண்டவன் வெளியில் வைத்த குழாயை விட்டுவிட்டு, உள்ளே ஒளித்துவைத்ததைத்தான் இந்த நாடு அரை நூற்றாண்டாக அறுத்துத் தேடிக்கொண்டிருக்கிறது.

அரசாங்கம் ஆசை காட்டாமலும் இல்லை. 2007இல் மத்திய அரசு நிர்ணயித்த ஊக்கத்தொகையில் செய்துகொள்ளும் ஆணுக்கு 1,100 ரூபாய், பெண்ணுக்கு 600. வயிறு கிழிபடுகிறவளுக்குக் குறைவு, ஊசி போட்டுக்கொள்கிறவனுக்கு அதிகம். வீரத்துக்கு எப்போதுமே நம்மிடம் தனிப்படி உண்டு. அப்படியும் வரவில்லை.

சரி, நான் போனேனா? கேட்பீர்கள் என்று தெரியும். எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவதும் சுகப்பிரசவம். மூன்றாம் நாள் டாக்டரம்மா வராந்தாவில் என்னைக் கூப்பிட்டு, “அப்ப ஆபரேஷனையும் முடிச்சிரலாமா?” என்றார். நான் தாராளமாகத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பேனாகூட அவருடையது. பெற்று எழுந்து இரண்டு நாள் ஆன வயிற்றைத் திறந்தார்கள். மாசக்கணக்கில் அவளால் தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை; நான் தூக்கினேன், தெருவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து. ஆபரேஷன் நடந்த வாரம்தான் ஒரு கல்லூரியில் பெண் விடுதலை பற்றி ஒரு மணி நேரம் பேசி, கைதட்டலும் பொன்னாடையும் வாங்கி வந்திருந்தேன். ‘உனக்குச் செய்யட்டுமா?’ என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் வராத பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பேன்.

வலிக்குப் பயந்து ஓடுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். வலி எங்களுக்குத் தூசு. ஆடிமாதம் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். கன்னத்தின் ஒரு பக்கம் குத்திய அலகு மறுபக்கம் வழியாக முழ நீளம் வெளியே நிற்கும். முதுகுச் சதையில் கொக்கியை மாட்டித் தேர் இழுப்பார்கள். பச்சை குத்திக்கொள்கிறவன், நெஞ்சில் தலைவர் முகத்தைக் குத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பான். சினிமாவில் எங்கள் ஆள் தோளில் பாய்ந்த குண்டை, கத்தியை நெருப்பில் காட்டித் தானே தோண்டி எடுப்பான். மயக்க ஊசி கேட்கிற கதாநாயகனை நான் இன்னும் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட உடம்பு பத்து நிமிட ஊசிக்கு நடுங்குகிறது என்றால், நடுங்குவது உடம்பு இல்லை.

அலகு குத்தும்போது பறை அடிக்கிறார்கள், ஊரே பார்க்கிறது. ஆபரேஷன் அறையில் யார் பார்க்கிறார்கள்? ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், தலைக்கு மேல் சுற்றுகிற ஒரு பழைய மின்விசிறி. தமிழ்நாட்டில் ஆண்மை என்பது உடம்பில் இருக்கிற பொருள் இல்லை. அது அடுத்த ஆம்பளை கண்ணில் இருக்கிற பொருள். அவன் பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை, சிரித்தால் போச்சு.

போவதற்குத்தான் எத்தனை வழி! பெண்சாதி வண்டி ஓட்டப் பின்னால் உட்கார்ந்தால் போய்விடும். பூப்போட்ட குடை பிடித்தால் போய்விடும். மழையில் நனைந்து காய்ச்சல் வந்தால் போகாது. தலைக்கவசம் போட்டால் முடி கலையும், கூடவே கெத்தும் போகும். மண்டை பிளந்தால் போகாது. மருந்துக்கடையில் சானிட்டரி நாப்கின் கேட்டால் போய்விடும் என்பதால், கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டு, வெடிகுண்டைக் கைமாற்றுவதுபோலத் தருவார். தட்டு கழுவினால் போய்விடும். விருந்தாளி வந்திருக்கும்போது கழுவினால் வம்சத்துக்கே போய்விடும். 2019இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஒருநாளில் ஏதாவது ஒரு வீட்டுவேலையில் கைவைத்த ஆண்கள் 26.1 விழுக்காடு. கைவைத்தவர்கள் செய்த நேரம் சராசரி 97 நிமிடம், பெண்கள் 299. மீதி முக்கால்வாசி ஆண்கள் தங்கள் ஆண்மையை அன்றைக்கு முழுதாகவே காப்பாற்றிக்கொண்டார்கள்.

அழுதால் போய்விடும், பயந்தால் போய்விடும், சந்தேகம் கேட்டால் போய்விடும். வழி தெரியாவிட்டாலும் வண்டியை நிறுத்திக் கேட்கக் கூடாது. திருச்செந்தூருக்குக் கிளம்பித் தூத்துக்குடியில் போய் நின்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பின்சீட்டில் அவர் மனைவி, கிளம்பியது முதல் சரியான வழியைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எஃகு என்கிறார்கள், சிங்கம் என்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீரில் கரைகிறது இந்தச் சிங்கம்.

தொல்காப்பியர் ஆணுக்கு இரண்டே குணம் வைத்தார், பெருமை, உரன் என்று. பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம் என மூன்று. எங்கோ ஏடு பெயர்த்தவன் தவறு செய்துவிட்டானோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அச்சமும் நாணமும் யார் பக்கம் இருக்கிறது என்று பார்க்க, அந்த நர்சம்மாவோடு ஒருநாள் நடந்தால் போதும். வள்ளுவர் ‘பேராண்மை’ என்ற சொல்லைச் சண்டைக்கு மட்டும் வைக்காமல், அடுத்தவன் மனைவியைத் தவறாகப் பார்க்காமல் இருப்பதற்கும் செலவு செய்தார். மீசைக்குச் செலவு செய்யவில்லை. அரசுப் பேருந்தில் குறள் எழுதிய பலகைக்குக் கீழேதான் முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்கிறோம். 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதிலிருந்து இன்னொரு புதுப் புண் வேறு. “எல்லாம் ஓசி, எங்க பாரு பொம்பளைங்க கூட்டம்” என்று முணுமுணுக்கிறவர், தன் வீட்டில் மூன்று வேளை சோறும் துவைத்த சட்டையும் எந்த டிக்கெட் எடுத்து வாங்குகிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அடிப்பார். அதுவும் ஆண்மைதான்.

ஆண்மையின் உண்மையான காவலர்கள் யார் என்று கேட்டால், நான் லாட்ஜ் டாக்டர்களைத்தான் சொல்வேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர்தான் இவர்களுடைய முகவரி. ‘ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா? இளமையில் செய்த தவறா? கவலை வேண்டாம்’ என்று தொடங்கும். கீழே சுற்றுப்பயணம்: ஐந்தாம் தேதி மதுரை, ஆறாம் தேதி திருநெல்வேலி, ஏழாம் தேதி நாகர்கோவில், எல்லாம் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஏதோ ஒரு லாட்ஜ், அறை எண். சங்கராச்சாரியாரோ முதலமைச்சரோகூட இத்தனை ஒழுங்காகச் சுற்றுப்பயணம் போவதில்லை. இரவு பதினோரு மணிக்கு மேல் இவர்களே டி.வி.யில் வருவார்கள். பரம்பரை வைத்தியர், தாத்தா படத்துக்கு மாலை, மேஜையில் லேகியம். விடலைப் பையனைப் பார்த்து, இன்னும் ஆறு மாதத்தில் நீ எதற்கும் ஆகமாட்டாய் என்று கண்ணுக்குள் விரலை விட்டுச் சொல்வார்கள். பதினெட்டு வயதில் இயல்பாக நடக்கும் எல்லாவற்றையும் நோய் என்று நம்பி, பெட்ரோல் பங்க் சம்பளத்தை லேகியத்துக்குக் கட்டிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவன் கல்யாணத்தையே நிறுத்தினான். அவன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல ஒரு நிஜ டாக்டருக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. ஆனால் நிஜ டாக்டரிடம் போனால்தான் ஆண்மை போய்விடுமே.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. ஆண்-பெண் சுகத்துக்கான திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. மாய நிவாரண விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் என்று பெயர். எழுபது ஆண்டாகச் சுவரும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. சட்டத்தை அமல்படுத்த வேண்டிய இடங்களில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது யார் என்று யோசித்தால் காரணம் விளங்கும். இல்லாத நோய்க்கு ஐயாயிரம் ரூபாய் கட்டி ஒளிந்து ஒளிந்து லாட்ஜுக்குப் போகிற அதே ஆள், இலவசமாக, மேலே காசும் கொடுத்து, பகலில் கூப்பிடுகிற அரசு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான்.

‘ஆம்பளை உடம்பில் கத்தி வைப்பது நம்ம வழக்கம் இல்லை’ என்று பெஞ்சில் ஒருவர் பண்பாட்டை இழுத்தார். பக்கத்து மாநிலத்து வழக்கத்தைச் சொல்கிறேன். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாத முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வரிசையில் நின்று செய்துகொண்டு போனார்கள். பணமும் பரிசுப்பையும் கொடுத்தார்கள். வயிற்றுக்காக வந்த ஏழைகளே அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யாருடைய ஆண்மையும் உதிர்ந்து எர்ணாகுளம் வீதியில் கிடந்ததாகத் தகவல் இல்லை. அந்தக் காலத்தில் இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்றாலே பெரும்பாலும் ஆணுக்குச் செய்வதுதான்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் மட்டும் சுமார் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்தார்கள். செய்தார்கள் என்பது மரியாதையான சொல். அரியானாவில் உட்டாவர் என்ற கிராமத்தை 1976 நவம்பரில் போலீஸ் விடியற்காலையில் சுற்றி வளைத்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனது. ஆசிரியருக்கு ஆள் பிடித்து வராவிட்டால் சம்பளம் இல்லை என்றார்கள். அது அராஜகம், அதில் இரண்டு பேச்சில்லை. 1977 தேர்தலில் வட இந்தியா பதில் சொன்னது. ஆட்சி போனது, இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார்.

அந்தத் தோல்வியிலிருந்து நம் அரசாங்கங்கள் கற்ற பாடம் என்ன? ஏழையின் உடம்பில் அவன் சம்மதம் இல்லாமல் கைவைக்கக் கூடாது என்பதா? இல்லை. ஆணின் உடம்பில் கைவைக்கக் கூடாது என்பது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரைக் ‘குடும்ப நலம்’ என்று மாற்றினார்கள். கத்தியைப் பெண்ணின் பக்கம் திருப்பினார்கள். இலக்கு அப்படியே இருந்தது, முகாம் அப்படியே இருந்தது, மேஜையில் படுத்திருந்தவர் மட்டும் மாறினார்.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு முகாம். ஒரே மருத்துவர், சில மணி நேரம், 83 பெண்கள். ஆபரேஷனா, இட்லி அவிப்பதா? குறைந்தது 13 பெண்கள் செத்துப்போனார்கள். கைக்குழந்தைகளை வீட்டில் விட்டு வந்த பெண்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், இந்த முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. ஆண்களைத் தொட்டதற்கு ஓர் அரசே கவிழ்ந்தது. பெண்கள் செத்ததற்கு ஒரு மந்திரி நாற்காலிகூடக் கவிழவில்லை. அந்தப் பதின்மூன்று பேருக்கும் புருஷன் இருந்தான். பதின்மூன்று புருஷனுக்கும் வெளியில் வைத்த குழாய் இருந்தது. பத்து நிமிடம் இருந்தது.

கத்தி என்றால் எங்களுக்குப் பயம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். யார் உடம்பில் என்பதுதான் கேள்வி. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இருபத்திரண்டு வயதுப் பையனை வெட்டிக் கொன்றார்கள். கூட நின்ற மனைவிக்கும் வெட்டு. கேமராவில் எல்லாம் பதிவானது. வெட்டியவர்கள் பதற்றமில்லாமல் வண்டி ஏறிப் போவது உட்பட. 2018இல் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் இரவில் புகுந்து மூன்று தலித்துகளை வெட்டிக் கொன்றார்கள். 27 பேருக்கு ஆயுள் தண்டனை ஆனது. இதற்கெல்லாம் பின்னால் எனக்குக் கேட்கிற வார்த்தை ஒன்றே ஒன்று: “நாங்களும் ஆம்பளைங்கதான்.” உடுமலைப்பேட்டையில் அதற்கு அர்த்தம் இதுதான்: எங்கள் வீட்டுப் பெண்ணின் கருப்பை எங்கள் சொத்து, அதை யார் திறப்பது, யார் மூடுவது, எந்தச் சாதிக்குத் திறப்பது எல்லாம் எங்கள் இஷ்டம். சொத்தைக் காப்பதற்கு அரிவாள். தன் சொந்தக் குழாயில் ஒரு முடிச்சுக்கு மட்டும் உடம்பு ஒத்துழைக்காது.

பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலை முடிக்கும்போது, ஆண்மை அழியவேண்டும் என்றே ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்தார். அவர் சிலைக்கு மாலை போட ஏணி பிடிக்கப் போட்டிபோடும் தம்பிமார்கள், அந்தத் தலைப்பைச் சத்தமாகப் படிக்கும்போது மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்கள். மேடை ஏறினால், எதிர்க்கட்சிக்காரனைப் பார்த்து “ஆம்பளையா இருந்தா வா” என்பார்கள். வராவிட்டால் சேலையும் வளையலும் தபாலில் அனுப்புவார்கள். அனுப்புகிற கட்சியின் மகளிரணி கீழே உட்கார்ந்து கைதட்டும்.

அரசாங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். துண்டறிக்கையால் ஆகாது. பார்வையாளர் இல்லாததுதான் குறை என்றால் பார்வையாளரைக் கொண்டுவர வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டவரை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திறந்த ஜீப்பில், பறை முழங்க, பட்டாசு வெடிக்க அழைத்து வாருங்கள். முக்குக்கு முக்கு ஃப்ளெக்ஸ் வையுங்கள்: ‘எங்கள் குலச்சிங்கம், கருத்தடை கொண்டான்!’ கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் வரிசையில் இது நன்றாகவே நிற்கும். ஃப்ளெக்ஸின் ஓரத்தில் அஞ்சல்தலை அளவில் நண்பர்கள் படம். பால் அபிஷேகம் வேண்டாம், பால் விலை ஏறிவிட்டது. ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் போட வேண்டி வரும். முதல் டோக்கன் எந்தச் சாதிக்கு என்று வெட்டுக்குத்தும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை கேம்ப் நடந்தது. பெஞ்சில் அன்றைக்கு அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வெள்ளிக்கிழமை காலை போனால் டீக்கடை பூட்டிக் கிடந்தது. பன்னிரண்டு வருஷத்தில் பொங்கல் தவிர மூடாத கடை. மீசைக்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, எதிர்க்கடைப் பாக்கெட் பாலைத் திட்டிக்கொண்டு குடித்தார். சனிக்கிழமையும் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை டீ மாஸ்டர் வந்தார். நெற்றியில் திருநீறு, முண்டா பனியன், தோளில் துண்டு, எப்போதும்போல. எப்போதும்போல ஒரு முழ உயரத்திலிருந்து டீயை ஆற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

“எங்கய்யா போயிட்ட ரெண்டு நாளா?” என்றார் மீசைக்காரர்.

“நர்சம்மா சொன்னாங்கள்ல, அந்த கேம்ப்புக்கு. ரெண்டு நாள் வெயிட்டுத் தூக்க வேணாம்னாங்க, அதான் கடைய போடல.” கிளாஸை நீட்டிக்கொண்டே சொன்னார். “வீட்டுல அவளுக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மிண்ணே. இன்னொருக்க அறுக்கவான்னு நாந்தான் போனேன். சீனி போதுமா?”

பெஞ்சில் காவிரி வரவில்லை, அமெரிக்கா வரவில்லை. பாய்லரில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மீசைக்காரர் டீயைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், குறிப்பாக எங்கேயோ பார்க்காமல் இருக்க ரொம்பப் பிரயாசைப்பட்டார். காசை வைத்துவிட்டு எழுந்து போனார். டீ அப்படியே இருந்தது. இப்போது எதிர்க்கடையில்தான் குடிக்கிறார். அவன் கையால் குடிக்கக் கூசுகிறதாம். எதிர்க்கடை டீ வாயில் வைக்க முடியாது. அதையும் அவர் ஆம்பளையாகத் தாங்கிக்கொள்கிறார்.

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான இந்தச் சிகிச்சைக்கென்று இருவார விழா நடக்கிறது; மற்ற நாளிலும் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் கேட்கலாம். செய்துகொண்ட அன்றே பலன் கிடைத்துவிடாது. மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்த வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை ஒன்று. மீசையை எடுக்கச் சொல்ல மாட்டார்கள். மழிப்பது வேறு இடத்தில்.